மஞ்சள் ஏறாத குஞ்சுகள்

முதல் பறிப்புக் காப்பிப் பழத்தைக் கொட்டி வைக்கப் பாத்திரம் போதவில்லை என்று, இன்று காலை குளியலறைப் பரண்மேல் கிடந்த பச்சை பிளாஸ்டிக் டப்பை இறக்கினேன். கவிழ்த்து வைத்திருந்ததை நிமிர்த்தியதும் ஒரு வாசனை வந்தது பார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊறின பாதாம் இலை வாசனை. பாதி டீத்தூள், பாதி நனைந்த சருகு. இத்தனை நாள் காய்ந்து கிடந்த பிளாஸ்டிக்கில் அது எப்படித் தங்கியதோ தெரியவில்லை. உன் கை வாசனையும் அதுதான். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பெண்களெல்லாம், "என்னங்க, உங்க கையில காட்டு வாசம் அடிக்குது" என்று மூக்கைச் சுளிப்பார்களே, அந்த வாசனை.

"பழத்தை எதுல கொட்டறது?" என்று வெளியிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். "உங்க தலையில கொட்டுங்க" என்றேன். பாவம் மனுஷன், சாக்கை விரித்துக்கொண்டார். டப்பைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை. அது எதற்காக இருந்தது என்று போன மாதம்வரை எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு உன்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நீ இருந்திருந்தால் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியிருப்பேன். இப்போது கத்தினால் எனக்குப் பைத்தியம் என்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மீன்கள் முடியப்போகின்றன. தொட்டியில் இப்போது இருப்பதெல்லாம் ஆண். பேருக்குக்கூட ஒரு பொட்டை இல்லை. இதுகள் கண்ணை மூடினால் அதோடு சரி. நான் போகாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. ஒன்றும் ஆகவில்லை, இனி ஆகப்போவதும் இல்லை.

நாம் அக்காள் தங்கை இல்லை. சிநேகிதிகள் என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்ட இரண்டு பேர், ஓரகத்திகள். ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகிற சாலையோரம் இருந்த ஒரே வீட்டை நடுவில் சுவர் எடுத்து இரண்டாக்கி, பின்பக்கத் தாழ்வாரத்தை மட்டும் பொதுவாக விட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். உன் வீட்டுக்காரர், என் கொழுந்தன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். நீ குப்பனூர்க்காரி, மலையடிவாரத்து வெயிலில் வளர்ந்தவள். கல்யாணமாகி மேலே வந்த முதல் மார்கழியில் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "ஏனுங்கக்கா, இங்க மனுசங்க எப்படிங்க குளிக்கிறாங்க?" என்று கேட்டாய். "குளிக்கிறதெங்க, தொடைச்சுக்கறதுதான்" என்றேன். நீ அதை நம்பி உன் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாய். அடுத்த முறை வந்தபோது அந்த அம்மா என்னைவிட்டு எட்டியே உட்கார்ந்திருந்தது.

மீன் வந்த கதை உனக்கு நினைவிருக்கும். லைனிங் துணியும் நூலும் வாங்கச் சேலம் போனோம். கடைவீதிச் சந்துக்குள் ஒரு பாய் கடையில் கண்ணாடித் தொட்டிகளாக அடுக்கியிருந்தார்கள். "ஒரு நிமிசமுங்கக்கா" என்று உள்ளே போனவள், நான் வெளியே நின்று கால் கடுத்து, வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்று, அதுவும் தீர்ந்துபோன பிறகுதான் வந்தாய். கையில் காற்று ஊதிக் கட்டிய பிளாஸ்டிக் பை. உள்ளே விரல் நீளம்கூட இல்லாத இரண்டு மீன். ஒன்று முதுகுத் துடுப்பைக் கொண்டைபோல விரித்துக்கொண்டு கொஞ்சம் பார்க்கும்படி இருந்தது. இன்னொன்று சாம்பல் நிறத்தில், இருக்கிறதே தெரியாமல் இருந்தது. அமேசான் காட்டு ஆற்று மீனாம், குள்ள சிக்லிட் ஜாதியாம், பெயர் அப்பிஸ்டோவாம். "குழம்புக்குக் காணாது போலிருக்கே" என்றேன். உனக்கு முகம் சுண்டிவிட்டது.

பஸ்ஸில் பையை மடியில் வைத்து, மேலே ஏற ஏறக் குளிருமே என்று என் சால்வையைப் பிடுங்கி அதற்குப் போர்த்தினாய். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஒரு பக்கம் சாய, நீ பையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டு வந்தாய். எனக்குப் பல் தந்தியடித்தது. "ஏம்புள்ள, நான் வெறைச்சுச் செத்தாப் பரவால்லையா?" என்றேன்.

"நீங்க மலைக்காரிங்க, தாங்குவீங்க. இதுங்க பாவமுங்க" என்றாய்.

கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கைக்கொழந்தையா?" என்றார். மீன் என்றதும், "வறுக்கவா, கொழம்புக்கா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கண்டக்டர் வண்டியில் அதற்குப் பிறகு நீ ஏறவே இல்லை. பஸ் வந்தால் முதலில் கண்டக்டர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை காட்டுவாய். உன்னோடு சேர்ந்து நானும் எத்தனை பஸ்ஸை விட்டிருக்கிறேன்.

நம் சண்டைகளில் பெரியது தண்ணீர்ச் சண்டை. தாழ்வாரத்துத் தகரக் கூரையில் அரைக்குழாய் கட்டி, நீல டிரம்மில் மழைத்தண்ணீர் பிடிப்பது நான் ஆரம்பித்த வழக்கம். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, எவ்வளவு கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். மழைத்தண்ணீரில் போட்டால் பூவாக மலர்ந்துவிடும். அந்த டிரம்மில் நீ செம்பை விட ஆரம்பித்தாய். "உப்புத் தண்ணி இதுங்களுக்கு ஆகாதுங்கக்கா, முட்டை பொரியாது" என்றாய். "பருப்பு வேகலைன்னா உங்க மாமன் தட்டைத் தூக்கி வீசுவாரு, நீ வந்து புடிக்கிறியா?" என்று நான் கேட்டேன். பேச்சு முற்றி, உன் அம்மா வீட்டு வெயில்வரை போய், இரண்டு பேரும் முகம் பாராமல் கிடந்தோம். பிறகு ஒருநாள் பார்த்தால் டிரம்மின் உள்பக்கம் நகப்பாலிஷால் சிவப்பாக ஒரு கோடு. "கோட்டுக்கு மேல உங்க பருப்புக்கு, கீழ என்ற மீனுக்கு. சரிங்களா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது. மழை இல்லாத மாசியில் தண்ணீர் எப்போதும் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும் என்பதை நான் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். கெட்டிக்காரி நீ.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சாம்பல் பொட்டை முட்டை வைத்த அன்றைக்கு என் வாய் அடைத்துவிட்டது. கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சிக்குள் போய் வந்தது, பார்த்தால் மஞ்சள் பூசிக் குளித்து வந்தவள்போல உடம்பெல்லாம் மஞ்சள். மஞ்சள்மேல் மை வைத்தாற்போலக் கறுப்பு. அதைவிட இரண்டு பங்கு பெரிய ஆணை மூலைக்கு விரட்டி நிறுத்திவிட்டது. "பாருங்கக்கா, புருசன்னும் பார்க்காம தொரத்துது" என்று நீ சிரித்தாய். "நல்ல பொம்பளை" என்றேன். குஞ்சுகள் தூசிபோல வெளியே வந்தபோது அது வாலருகே துடுப்பை ஒரு வெட்டு வெட்டும், அத்தனையும் தரையோடு தரையாகப் படுத்துவிடும். இன்னொரு அசைவு, எல்லாம் எழுந்து பின்னாலேயே வரும். "நம்ம ஊட்டுல ஒருத்தராச்சும் நம்ம பேச்சைக் கேக்கறாங்களா பாருங்க" என்றாய். அன்றைக்கு அடுப்பில் என் ரசம் பொங்கி வழிந்து, அடுப்பே அணைந்துபோனது. ரசம் போனால் போகிறது என்று நான் எழுந்திருக்கவில்லை.

முட்டை இருக்கிற நாட்களில் நீ தையல் மிஷினைத் தொடமாட்டாய். மேஜை அதிர்ந்தால் தாய் பயந்து முட்டையைத் தின்றுவிடும் என்பாய். அடுத்த தெருப் பெண்ணின் கல்யாண ரவிக்கை அப்படித்தான் நின்றது. அந்தப் பெண்ணே தேடி வந்துவிட்டது. நீ உள்ளே ஒளிந்துகொண்டு என்னை அனுப்பினாய். "மீனு முட்டை போட்டிருக்குது, ரவிக்கை தயாராகலை சாமி" என்று நான் வாசலில் நின்று சொன்னதை இந்த ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. கடைசியில் கையாலேயே தைத்து, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கொடுத்தாய். மன்னிப்புக்காக ஒரு ஜோடி மீனும் கூடவே கொடுத்தாய். கல்யாணச் சீர்வரிசையோடு அந்தப் பை கரடியூர் போனது.

வருஷா வருஷம் பனி இறங்கினால் அந்தப் பச்சை டப்பு பின்தாழ்வாரத்துக்கு வரும். என் அடுப்பங்கரைச் சுவருக்கு வெளிப்பக்கம், குளிரும் சூடும் கலந்த இடத்தில் வைத்து, குப்பனூரில் உன் அம்மா வீட்டு வாசல் மரத்திலிருந்து பொறுக்கி வந்த பாதாம் இலையை, சாறு இறங்கினால் மீனுக்கு நல்லது என்று போட்டு, குஞ்சுகளில் பாதியை அதில் விடுவாய். தொட்டியில் இடம் பற்றாமல் செய்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. வளர்ந்ததும் ஜோடி ஜோடியாகச் சேலத்துக்குக் கொண்டுபோய்ப் பாயிடம் கொடுத்துவிட்டு மீன் தீனி வாங்கி வருவாய்.

பிறகு அந்த நோய் வந்தது. மார்பில் கட்டி என்று நீ முதலில் என்னிடம்தான் சொன்னாய், துணி துவைக்கிற கல்லில், குனிந்த தலை நிமிராமல். சேலத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருகிற நாட்களில் உனக்குக் குளிர் தாங்காது. தலைமுடி போன பிறகு இன்னும் மோசம். என்னுடைய குரங்குக் குல்லாவைக் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்து, "எஸ்டேட் வாட்ச்மேன் மாதிரி இருக்குதுங்கக்கா" என்று சிரித்தாய். இருந்த மீன்களையெல்லாம் பாய்க்குக் கொடுத்துவிட்டு, ஒரு ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டாய்.

மார்கழிக் குளிரில் கொழுந்தன் ரூம் ஹீட்டர் வாங்கி வந்தார். ஜன்னலிடுக்கில் பழந்துணி அடைத்து, கதவைச் சாத்தி, அந்த அறையைக் கோடையாக்கி வைத்தோம். படுத்தே கிடக்கிறாயே என்று அண்ணனும் தம்பியும் தொட்டியை அலுங்காமல் தூக்கி வந்து உன் கட்டிலோரம் வைத்தார்கள். நீ முகம் திருப்பினால் மீன் முகம். அந்தச் சூட்டில் பொட்டைக்கு மஞ்சள் ஏறியது. குஞ்சும் வந்தது. வழக்கம்போல நான் பரணிலிருந்து டப்பை இறக்கித் துடைத்து எடுத்து வந்தேன்.

"வேண்டாங்கக்கா. இந்த வாட்டி அத்தனையும் இங்கயே கெடக்கட்டும்" என்றாய்.

"எடம் பத்தாதே புள்ள?"

"பத்துமுங்க. அங்க விட்டா நான் எழுந்து வந்து பார்க்க முடியாதுங்களே."

டப்பைத் திரும்பக் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம் நீ மணிக்கணக்கில் அந்தக் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். வலி வரும்போது கண்ணாடியில் விரலை வைப்பாய். தாய் மீன் விரலுக்கு நேராக வந்து முறைக்கும். "என்னையும் தொரத்துதுங்கக்கா" என்பாய்.

மாசியில், நல்ல மத்தியானத்தில், நான் உனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது போய்விட்டாய். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறிவிட்டது குடி என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

காரியம் முடிந்த மறுநாள் கொழுந்தன் தொட்டியின் தண்ணீரை இறைக்கப் பாத்திரம் கேட்டு வந்தார். "என்னத்துக்குங்க?" என்றேன். "அவதான் சொல்லிட்டுப் போனாங்கண்ணி. தனக்கப்புறம் தொட்டியோட பாய்கிட்டக் கொடுத்துரச் சொன்னா." என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ. எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ. "தொட்டி எங்கயும் போகாது. எடுங்க, இந்தப் பக்கம் வையுங்க" என்று கத்திவிட்டேன். துக்கத்துக்கு வந்திருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. தொட்டி சுவருக்கு இந்தப் பக்கம், என் அடுப்பங்கரைக்கு எதிரே வந்தது.

அன்றையிலிருந்து நான் மீன்காரி ஆனேன். பாட்டிலை வெட்டிக் கவிழ்த்து, உப்புத் தண்ணீர் விட்டு, குஞ்சுகளுக்குத் தீனியாகும் ஆர்டீமியா என்கிற பொடிப் பூச்சியின் முட்டை பொரிக்கக் கற்றுக்கொண்டேன். முதல் மூன்று தடவை நாறிப்போனது. எங்கள் வீட்டுக்காரர் ரைட்டர் ஆபீஸிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். பிறகு பொரிந்தது. ஆரஞ்சுத் துளிகளாக அது நீந்த, குஞ்சுகள் தின்று வயிறு சிவந்து நின்றபோது எனக்கே பசி அடங்கினாற்போல இருந்தது. பங்குனியில் தாய் மீன் போனது. கொஞ்ச நாளில் தகப்பனும் போனது. பரவாயில்லை, குஞ்சுகள் இருக்கின்றனவே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இதில் ஒன்று மஞ்சளானால் போதும். ஒன்றே ஒன்று. தினமும் காலையில் அடுப்பு பற்றவைக்குமுன் தொட்டி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யாருக்கு மஞ்சள் ஏறுகிறது என்று பார்ப்பேன்.

ஆடி மாதம் வந்தது. ஒன்று கொண்டையை விரித்தது. அடுத்தது விரித்தது. சாம்பலாக, சின்னதாக, அடங்கி இருந்ததையெல்லாம் இதுதான் பொட்டை என்று நம்பி வைத்திருந்தேன். அதுகளும் ஒவ்வொன்றாகத் துடுப்பு நீண்டு, வாயைப் பிளந்து ஒன்றோடொன்று சண்டைக்கு நின்றன. கடைசியாக ஒரு சின்னது, பாதாம் இலைக்குக் கீழேயே இருந்தது, அதன்மேல் எவ்வளவு ஆசை வைத்தேன் தெரியுமா? புரட்டாசியில் அதுவும் கொண்டையை விரித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வயதுக்கு மீனைப் பார்த்து அழுகிற முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

போனில் வீடியோ எடுத்துக்கொண்டு பாயைப் பார்க்கப் போனேன். பார்த்த உடனே அவர் கேட்டார், "இதுங்கள ரொம்பச் சூட்டுல வளர்த்தீங்களாக்கா?" ஆமாம், அவள் அறையில் ஹீட்டர் போட்டிருந்தோம் என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "முதல் மாசம் சூடு ஏறுச்சுன்னா பெரும்பாலும் ஆணாப் போயிருங்க இந்த ஜாதி. கொஞ்சம் குளுமையா வளர்த்தாத்தான் பொட்டை கிடைக்கும்" என்றார். ஒரு பொட்டை கொடுங்கள் என்றேன். "எங்கிட்ட ஏதுங்க? அந்த ரகம் வர்றதே நின்னு போச்சு. நானே தங்கச்சிகிட்டதான் வாங்கிட்டிருந்தேன். வாங்கிட்டுப் போனவங்களையும் கேட்டுப் பார்த்துட்டேன், ஒருத்தர்கிட்டயும் இல்ல" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்காமலே எழுந்து வந்தேன்.

அப்போதுதான் கரடியூர்ப் பெண் நினைவுக்கு வந்தது, உன் ரவிக்கைக்காரி. மறுநாளே பஸ் ஏறினேன். கையோடு ஒரு பிளாஸ்டிக் பையும், ரப்பர் பேண்டும், சால்வையும் எடுத்துக்கொண்டு போனேன். பார், எவ்வளவு நம்பிக்கை. அந்தப் பெண் இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். என்னைப் பார்த்ததும், "மீனு முட்டை போட்டிருக்குதுங்களாக்கா?" என்று சிரித்தது. உன் சேதி அதற்குத் தெரியாது. சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதது. பிறகு மெல்ல மீனைக் கேட்டேன். உள்ளே கூட்டிப்போய்க் காட்டியது. தொட்டி இருந்தது. அதற்குள் சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருந்தது.

"நொம்ப நாளு நல்லா இருந்துச்சுங்கக்கா. குஞ்செல்லாம் வளர்த்தேன். போன மழையில மரம் விழுந்து நாலு நாளு கரண்ட் இல்லீங்க. காத்து மோட்டாரு நின்னு, வெறைச்சு, எல்லாம் மெதந்திருச்சு" என்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். கிளம்ப எழுந்தேன். அப்போது அது பாட்டுக்குச் சொன்னது: "சின்னக்கா சொன்ன மாதிரியேதாங்க செஞ்சேன். பனிக்காலத்துக் குஞ்சைப் பாதி எடுத்து டப்புல விட்டு, அடுப்புச் சுவத்தோரம் வையி, அதுலதான் பொட்டை வரும், சூட்டுல விட்டா எல்லாம் ஆம்பளையாப் போயிரும்னு சொல்லிக் கொடுத்தாங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. கையில் அந்த வெறும் பை. ரவிக்கை தைக்க வந்தவளுக்குச் சொல்லியிருக்கிறாய். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட எனக்குச் சொல்லவில்லை. அதைவிட, நீ தெரிந்துதான் செய்திருக்கிறாய். டப்பை எடுத்து வந்து நான் நின்றபோது, வேண்டாம் என்று நீ சொன்னபோது, அந்தக் குஞ்சுகளில் ஒரு பொட்டை வராது என்பது உனக்குத் தெரியும். இதோடு முடிந்தது என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டு படுத்திருந்தாய்.

கண்ணெதிரே இருக்கட்டும் என்று நினைத்தாயே, அதற்கு நான் குறை சொல்லவில்லை. சாகப்போகிறவளுக்கு அவ்வளவுகூடவா ஆசை இருக்கக்கூடாது? சொல்லியிருந்தால் பாதியை நான் டப்பில் விட்டிருப்பேன், பாதி உன் பக்கத்திலேயே இருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை உன் வாயில் வரவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை. யாருக்காக மிச்சம் வைப்பது என்று நினைத்திருப்பாய். எனக்கப்புறம் இந்த வீட்டில் யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பாய். உன் கணக்கில் நான் பருப்புக்காகச் சண்டை போடுகிறவள். உன் மீன்கள் எனக்கு வேண்டும் என்று நான் ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. எனக்கே அது தெரியாது கண்ணு. அந்தத் தொட்டி வாசலைத் தாண்டிப் போகிறது என்றபோதுதான் தெரிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இப்போது தொட்டியில் ஐந்தாறுதான் இருக்கின்றன. சண்டையில் சில போயின. இருப்பதில் பெரியது, கொட்டாங்குச்சி வாசலில் வந்து நின்று, உடம்பை வளைத்து, கொண்டையை விரித்து, தினமும் ஆட்டம் காட்டுகிறது. உள்ளே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பப் போய்விடுகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் வருகிறது. அதைப் பார்க்க எனக்கு முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கொழுந்தன் இந்தப் பக்கம் வந்தால் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு டீ குடித்துவிட்டுப் போகிறார்.

டப்பைக் கழுவாமல் பரண்மேலேயே திரும்ப ஏற்றிவிட்டேன். காப்பிப் பழம் சாக்கிலேயே கிடக்கட்டும். குப்பனூர் மரத்து இலை இன்னும் ஒரு பை மீதி இருக்கிறது. உன் அம்மா கொடுத்தனுப்புகிறது, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐப்பசி மழை இந்த வருஷம் சரியாகப் பெய்யவில்லை. டிரம்மில் தண்ணீர் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. நகப்பாலிஷ் பாதி உரிந்துவிட்டது, ஆனாலும் கோடு தெரிகிறது. காலையில் ஒரு செம்பு மொண்டு தொட்டிக்கு விடுகிறேன். பருப்புக்குப் போர் தண்ணீர்தான். அது கல்லாகவே கிடக்கிறது, உன் மாமன் முனகிக்கொண்டே தின்கிறார். ஒருநாள்கூடக் கோட்டுக்குக் கீழே என் பாத்திரத்தை விட்டதில்லை.

அடுத்த வருஷமோ, அதற்குள்ளேயோ கடைசி மீனும் மிதக்கும். அப்புறம் அந்த டிரம் தண்ணீர் முழுக்க எனக்குத்தான், கேட்க ஆளில்லை. எனக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம், கண்ணு.